மஞ்சள் சப்பாத்தி

1

இந்தக் கதை எனக்கு வெறும் வயிற்றில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் எங்காவது வரிகளில் பசி தெரிந்தால் அதைக் கலை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். சர்க்கரை பார்ப்பதற்காகக் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இளம் தாய் ஒருத்தி, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் அவள் சொன்னாள்: "போன தடவ ஒண்ணுமில்லை, நார்மல்னு குடுத்தீகள்ல. அதனாலதான் இப்ப பிள்ளைக்கு நானே வயித்துவலிய வரவைக்கணுமாம்." சொல்லிவிட்டு அழுதாள். அந்த நேரம் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஊசி குத்திக்கொண்டு நான் வெளியே வந்தபோது அவளைக் காணவில்லை.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் நான் இட்டுக்கட்டியது. ஒரு வாக்கியம் கிடைத்தால் குடும்பத்தையே கட்டி எழுப்பிவிடுவது எங்கள் தொழில். ஊரில் புரணி பேசுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், அவர்களை மட்டும் யாரும் மேடையேற்றிச் சால்வை போர்த்துவதில்லை.

அன்று மாலையே பத்திரிகை ஆசிரியரிடம் இப்படி ஒரு கதை இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னேன். "நல்லது, வட்டார மணம் வேண்டும்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் கோபுரமும் பால்கோவாவும் வர வேண்டுமாம். ராஜபாளையம் என்றால் நாய் வர வேண்டுமாம். சரி சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் மேகங்கள் தவழும் அந்த இளங்காலைப் பொழுதில், பாண்டிசெல்வியின் விழியோரம்

[இங்கே நிறுத்திவிட்டேன். குழந்தைக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. மேகம் எங்கே தவழ்கிறது என்று பார்க்க அவளுக்கு ஏது நேரம்.]

இரண்டாவதாக எழுதியது:

"சீலியாக் எனப்படுவது கோதுமை முதலான தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தினால் சிறுகுடலில்

[இது மருந்துக்கடைச் சுவரில் ஒட்டுவதற்குச் சரியாக இருக்கும்.]

மூன்றாவது: "ஆவுடையம்மாளுக்கு வயது நான்கு. பெயரின் கனம் உடம்பில் இல்லை."

இதை வைத்துக்கொள்கிறேன். ஆவுடையம்மாள் என்பது கண்ணுச்சாமியின் தாயார் பெயர். பேத்திக்கு அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று கண்ணுச்சாமி ஒற்றைக் காலில் நின்று வைத்தார். ராஜபாளையத்தில் எல்கேஜி வகுப்பில் பெயர் கூப்பிடும்போது ஆசிரியை யாரோ பெரிய மனுஷியை எதிர்பார்த்து நிமிர்ந்து பார்ப்பார். கடைசி பெஞ்சிலிருந்து ஈர்க்குச்சிக் கை ஒன்று எழும்பும். வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும்.

3

இவர்கள் இருப்பது ராஜபாளையத்தை ஒட்டிய சோழபுரத்தில். வீட்டில் மூன்றே பேர். பாண்டிசெல்வி, அவள் மகள் ஆவுடை, மாமனார் கண்ணுச்சாமி. மாமியார் இறந்து வெகுகாலமாகிறது. புருஷன் சோலைராஜ் ராணுவத்தில் இருக்கிறான், இப்போது பஞ்சாப் எல்லைப் பக்கம். வீட்டில் நான்காவது ஆளாக அவன் செல்போனில் வசிக்கிறான்.

கண்ணுச்சாமியும் பட்டாளத்துக்காரர்தான், ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவருக்கும் பஞ்சாப்தான் வாய்த்தது. அங்கிருந்து திரும்பி வரும்போது ஒரு தகரப் பெட்டி, ஒரு மீசை, யாரைப் பார்த்தாலும் உத்தரவு போடும் குரல், கோதுமை ஆகிய நான்கையும் ஊருக்குக் கொண்டுவந்தார். "சோறு ஆள உறங்க வைக்கும், சப்பாத்திதான் நிமிந்து நிக்க வைக்கும்" என்பது அவர் கொள்கை. மனைவி போன பிறகு ராத்திரிச் சாப்பாட்டை அவரே எடுத்துக்கொண்டார். பொழுது சாய்ந்தால் அடுப்படி ராணுவத்தின் வசம். சப்பாத்திக் கட்டையை மற்றவர்கள் தொடக் கூடாது.

[அடிக்குறிப்பு: நம் ஊரில் கோதுமைக்கு உள்ள மரியாதை தனி. சர்க்கரையா, சப்பாத்தி சாப்பிடு. கொழுப்பா, சப்பாத்தி. விரதமா, ரவை உப்புமா. காய்ச்சலா, பிரெட். அரிசியைத் தின்றே ஆயிரம் வருஷம் வாழ்ந்துவிட்டு, அரிசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சமீபத்தில் கண்டுபிடித்திருக்கிறோம்.]

ஆவுடைக்குப் பல் முளைத்த நாளிலிருந்து தாத்தாவின் சப்பாத்திதான். அவள் தேறவில்லை. வயிறு உப்பியது, கை கால் சூம்பியது, சாப்பிட்டால் வலிக்கிறது என்று அழுதாள். ஆளாளுக்கு ஒரு நோய் சொன்னார்கள். கண்ணேறு என்றார் ஒருவர். பூச்சி என்றார் ஒரு டாக்டர், பூச்சி மருந்து கொடுத்தார், அடுத்த முறையும் பூச்சிதான் என்றார். ஆனால் வைத்தியத்தில் மட்டும் ஊரே ஒற்றுமையாக இருந்தது. பிள்ளைக்குச் சத்து போதவில்லை, கோதுமைக் கஞ்சி கொடுங்கள், கோதுமை அல்வா கொடுங்கள், பால் பிஸ்கட் கொடுங்கள். பாண்டிசெல்வி எல்லாவற்றையும் கொடுத்தாள். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

4

போன சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் ஆவுடையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், உயரத்தை அளந்தார், கடைசியில் இந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டார்: "பிள்ளை என்ன சாப்பிடுறா?"

கண்ணுச்சாமி பெருமையாக, "எங்க வீட்ல அன்னாடம் சப்பாத்திதான் டாக்டர்" என்றார்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "கோதுமையில இருக்க ஒரு பொருள் சில பிள்ளைங்க குடலுக்கு ஆகாது. உடம்பு அதோட சண்டைக்குப் போகும். அந்தச் சண்டையில குடல்தான் தேயும். தேஞ்ச குடல்ல எது சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது. சீலியாக்னு சொல்லுவோம். அதுவாத்தான் இருக்கும்னு இப்பவே சொல்ல மாட்டேன். ரத்தத்துல பாத்தா சண்டை நடக்குற தடயம் தெரியும். இருந்தா மதுரைக்குப் போயி குழாய் விட்டுக் குடலையும் பாக்கணும்."

"அப்ப இன்னைல இருந்தே கோதுமைய நிறுத்திருதேன்" என்றாள் பாண்டிசெல்வி.

"அத மட்டும் செஞ்சிராதீங்க. டெஸ்ட் எடுக்குற வரைக்கும் எப்பவும் போலக் குடுக்கணும். திருடன் வந்தாத்தான நாய் குரைக்கும். திருடனை வரவிடாமத் தடுத்துட்டு, நாய் குரைக்கலையே, அப்ப இந்த வீட்ல நாயே இல்லைன்னு சொல்ல முடியுமா? இந்த வாரமே வந்து எடுத்திருங்க."

[அடிக்குறிப்பு: நாய் வந்துவிட்டது. ஆசிரியர் கவனிக்கவும்.]

5

அந்த வாரமே எடுத்திருந்தால் எனக்குக் கதை கிடையாது, உங்களுக்கும் நேரம் மிச்சம். ஆனால் பட்டாளத்துக் குடும்பம் ஒன்றைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்குச் சித்திரை, ஆவணி, தை என்று மாதங்கள் கிடையாது. இரண்டே பருவம்தான்: லீவு, லீவு இல்லாத காலம். கல்யாணம் லீவில் நடக்கும். காதுகுத்து லீவில். தென்னைக்கு வேலி போடுவதும் பல்லைப் பிடுங்குவதும் கூட லீவில்தான். ஆவுடை லீவு முடிந்து பத்து நாள் கழித்துப் பிறந்ததை அவள் அப்பன் இன்றுவரை ஒரு ஒழுங்கீனமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"நான் வாரேன் செல்வி. ஆடியில லீவு கேட்டிருக்கேன். ஒண்ணாப் போயி எடுப்போம்" என்று சோலைராஜ் செல்போனில் சொன்னான். "ஏதாவதுன்னா மதுரை வரைக்கும் போகணும்ல. நீ ஒத்தையில பிள்ளையத் தூக்கிட்டு எங்கிட்டுப் போயி அலைவ?"

"டாக்டரம்மா இந்த வாரமே எடுக்கச் சொன்னாகளே மாமா" என்று பாண்டிசெல்வி மாமனாரிடம் திரும்பினாள்.

"அவன் வரட்டும் தாயி" என்றார் கண்ணுச்சாமி. "அப்பன்காரன் இல்லாம எடுக்கக் கூடாது."

ஆடியில் லீவு ரத்தானது. எல்லையில் ஏதோ பதற்றம். புரட்டாசியில் கேட்டான், கிடைக்கவில்லை. கடைசியில் பொங்கலுக்குத்தான் கொடுத்தார்கள்.

அத்தனை மாதமும் பாண்டிசெல்வி டாக்டரம்மா சொன்னபடி நடந்தாள். பொழுது சாய்ந்ததும் மாமனார் போட்டுத் தரும் சப்பாத்தியைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து மகளை மடியில் உட்கார்த்தி ஊட்டுவாள். ஊட்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். இது என் பிள்ளைக்கு விஷமாக இருக்கலாம், தெரிந்தே கொடுக்கிறேன் என்று ஒவ்வொரு வாய்க்கும் நினைத்தாள். யாரிடம் சொல்ல முடியும்? புருஷனிடம் சொன்னால் "இன்னும் கொஞ்ச நாள்தான செல்வி" என்பான்.

இங்கேதான் ஒரு விசித்திரம் நடந்தது. ஆவுடை தேறிவிட்டாள். ஆனி முடிவதற்குள் அழுகை நின்றது. வயிறு வற்றியது, கன்னம் தெரிந்தது. கவுன் முழங்காலுக்கு மேலே ஏறியது. தெருவில் ஓடி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். அதைக் கண்டு சந்தோஷப்பட்ட தாய் உலகத்திலேயே பாண்டிசெல்வி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"அந்த டாக்டரம்மாவுக்கு ஒண்ணும் தெரியல மாமா. சப்பாத்தி தின்னுதான பிள்ள தேறியிருக்கா" என்றாள். வாய் சொன்னதை மனசு நம்பவில்லை, ஊட்டும்போது முகம் அப்போதும் திரும்பிக்கொண்டது.

கண்ணுச்சாமி மீசையைத் தடவினார்.

6

இப்போது கண்ணுச்சாமியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இவரை நான்தான் உண்டாக்கினேன், ஆனாலும் சந்தேகம்.

நடந்தது இதுதான். டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று மாலை ஆவுடை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கண்ணுச்சாமி மாவு பிசைந்துகொண்டிருந்தார். 'இந்தப் பிள்ளைக்குப் பல் முளைச்ச நாள்ல இருந்து நான்தான இதக் குடுத்துக்கிட்டு இருக்கேன்' என்று நினைத்தார். கை ஓடவில்லை. பிசைந்த மாவைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மக்காச்சோளம் வாங்கிக் காயவைத்துத் தனியாக மில்லில் திரித்துக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் காடு காடாக மக்காச்சோளம் விளைகிறது, ஆனால் அதை மாவாக்கித் தின்னும் வழக்கம் கோழிக்கு மட்டும்தான் உண்டு. பஞ்சாபில் பனிக்காலத்தில் அதில் ரொட்டி தட்டுவார்கள் என்பது கண்ணுச்சாமிக்குத் தெரியும். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு மாவு. பெரியவர்களுக்குக் கோதுமை, பேத்திக்கு மக்காச்சோளம். கஞ்சி, அல்வா வேலையையும் தன் கைக்கு மாற்றிக்கொண்டு அரிசிமாவில் கிண்டினார். "ஏன் மாமா மஞ்சளா இருக்கு?" என்று மருமகள் கேட்டதற்கு, "மஞ்சத்தூளு சேத்துருக்கேன் தாயி, வயித்துக் கிருமிக்கு நல்லது" என்றார்.

ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும்போது தெருமுனையில் நிறுத்தி, டப்பாவிலிருந்த பிஸ்கட்டை அவர் தின்றுவிட்டுக் கடலைமிட்டாயை வைத்து அனுப்பினார். அந்த வருஷம் பேத்தியோடு சேர்ந்து அவருக்கும் எடை ஏறியது. இதெல்லாம் மிலிட்டரி ரகசியம், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று ஆவுடையிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

[நான்கு வயதுக் குழந்தை ரகசியம் காக்குமா என்று கேட்பீர்கள். கடலைமிட்டாய் தவறாமல் வந்துகொண்டிருந்தால் காக்கும்.]

என் சந்தேகம் வேறு. காலமெல்லாம் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த ஒரு மனிதர், "கோதுமையை நிறுத்தாதே" என்ற உத்தரவைக் காதால் கேட்ட பிறகும் மீறுவாரா? மீறிவிட்டு மாதக் கணக்கில் மூச்சு விடாமல் இருப்பாரா? இருப்பார் என்றுதான் படுகிறது. பிள்ளை அழுவதைப் பார்க்க முடியாமல் மீறினார், பிள்ளை சிரிப்பதைப் பார்த்ததும் சொல்லத் தைரியம் இல்லாமல் போனது. டெஸ்டைத் தள்ளிப்போட வேண்டும் என்பதற்காகத்தான் "அவன் வரட்டும்" என்று சொன்னாரோ? அதை அவரிடம் கேட்டேன். எழுதியவனுக்குக் கூடப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. பாண்டிசெல்வி எப்படிக் கண்டுபிடிக்காமல் இருந்தாள்? மக்காச்சோள ரொட்டி ஓரத்தில் வெடிக்கும், பிய்த்தால் பொடியும். என் மனைவியிடம், "நீயா இருந்தா கண்டுபிடிச்சிருப்பியா?" என்று கேட்டேன். "நீங்க ஒரு நாளாச்சும் சமைச்சுக் குடுங்க, கண்டுபிடிக்கேனா இல்லையான்னு பாப்போம்" என்றாள். அதிலேயே விடை கிடைத்துவிட்டது. சோழபுரத்தில் மாமனார் ராத்திரிச் சமையல் செய்து போடுகிற ஒரே மருமகள் பாண்டிசெல்வி. ரொட்டி ஓரத்தில் வெடித்திருக்கிறது என்று குறை சொல்லி அந்த யோகத்தைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு என்ன பைத்தியமா?

7

பொங்கல் கழிந்த வாரம் சோலைராஜ் மகளைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனான். பாண்டிசெல்வியும் கண்ணுச்சாமியும் கூடப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஆவுடையைவிட அவள் அப்பன் அதிகமாகக் கண்ணை மூடிக்கொண்டான். முடிவு வந்த அன்று போய் வாங்கினார்கள், அதில் ஒன்றுமில்லை என்றிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் டாக்டரம்மாவிடம் காட்டுவதை மறுநாளைக்கு வைத்துக்கொண்டு நேரே பால்கோவா வாங்கப் போனார்கள்.

[அடிக்குறிப்பு: பால்கோவாவும் ஆயிற்று. பாலும் சீனியும் மட்டும் போட்டுச் செய்தால் சீலியாக் பிள்ளைகளும் சாப்பிடலாம் என்பதால் மருத்துவக் காரணத்துக்காகச் சேர்க்கிறேன். கோபுரம் பஸ்ஸிலிருந்து தெரிந்தது. அதற்கு மேல் அதற்கு இந்தக் கதையில் வேலை இல்லை.]

அன்று மாலை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கண்ணுச்சாமி வழக்கம்போலப் பேத்தி தட்டில் மஞ்சள் சப்பாத்தியைப் போட்டார். சோலைராஜ் செல்லமாக அதில் ஒரு துண்டைப் பிடுங்கி வாயில் போட்டான். மென்றான். மெல்லுவதை நிறுத்தினான்.

"யப்பா, இது மக்காச்சோள ரொட்டில்ல? எங்க மெஸ்ல பனிக்காலத்துல இதத்தான போடுதாக."

"மஞ்சத்தூளு" என்றார் கண்ணுச்சாமி.

"மஞ்சத்தூளு இப்படி இனிக்காதுப்பா."

பாண்டிசெல்வி மாமனாரைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். ஆவுடை அம்மாவைப் பார்த்து, "நான் சொல்லலம்மா" என்றாள்.

எத்தனை நாளாக என்று கேட்டார்கள். அவர் சொன்னார். பிஸ்கட்டையும் சொன்னார். சொல்லும்போது மாவுக் கையோடு எழுந்து நின்றுகொண்டார், அதிகாரி முன்னால் நிற்கிற பழக்கம்.

பாண்டிசெல்வி கத்துவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அதற்காக ஒரு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

"அம்புட்டு மாசமும் நான் வெசத்த ஊட்டுதோம்னு நெனைச்சு நெனைச்சு ஊட்டுனேன் மாமா" என்றாள். "பிள்ள முகத்தப் பாக்க முடியாமத் திரும்பிக்கிட்டு ஊட்டுனேன். பக்கத்துலதான நின்னீக. இது கோதுமை இல்ல தாயின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ டாக்டர் பேச்சக் கேட்டு மாத்திப் போடச் சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்றாள் பாண்டிசெல்வி. "இன்னேரம் என்ன நோயின்னு தெரிஞ்சிருக்கும்."

அன்று சப்பாத்தி மிஞ்சிப்போனது.

8

மறுநாள் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணுச்சாமி பக்கம் திரும்பினார். "நாயைப் பத்தி அன்னைக்கே சொன்னேனே" என்றார். கண்ணுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"மக்காச்சோளத்துல தேறிட்டான்னா, கோதுமை ஆகாதுன்னு தெரிஞ்சு போச்சுல்ல டாக்டர்?" என்றான் சோலைராஜ்.

"சந்தேகம் கூடியிருக்கு. உறுதி ஆகலை. மறுபடி அன்றாடம் கோதுமை குடுங்க, ரெண்டு மூணு மாசமாவது. அப்புறம் ரத்தம் எடுப்போம். நடுவுல பிள்ளைக்கு ரொம்ப முடியலைன்னா உடனே கொண்டாந்துருங்க."

"குடுக்காமலே விட்டுட்டா என்ன?" என்று பாண்டிசெல்வி கேட்டாள்.

"விடலாம். ஆனா சீலியாக்னா ஆயுசுக்கும் ஒரு துணுக்குக் கோதுமை கூடாது. பெருங்காயத்துலயே மாவு கலந்திருக்கும். கல்யாண வீடு, பள்ளிக்கூடம், திருவிழா எல்லா எடத்துலயும் காவல் காக்கணும். உறுதியாத் தெரியாமக் காவல் காக்க உங்களால முடியுமா? சொந்தக்காரங்க விடுவாங்களா? ஒருவேளை சீலியாக் இல்லைன்னா, பிள்ளை மெலிஞ்சதுக்கு வேற காரணம் இருக்கும். அதையும் தேடணும்ல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது வீட்டு ஆண்கள் கருத்துச் சொன்னார்கள். கண்ணுச்சாமி, "நான் உசுரோட இருக்க வரைக்கும் அந்தப் பிள்ள வாயில கோதுமை படாது" என்றார். உசுரு போன பிறகு என்ன ஏற்பாடு என்று அவர் சொல்லவில்லை. சோலைராஜ், "நீ எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம் செல்வி" என்றான். இந்த வாக்கியத்தை நம் ஆண்கள் எந்தப் பள்ளியில் கற்கிறார்கள் என்று தெரியவில்லை. பார்ப்பதற்குச் சுதந்திரம் கொடுத்த மாதிரியே இருக்கும். அவனுக்கு லீவு முடிந்தது. ரயில் ஏறிப் போய்விட்டான்.

9

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. பாண்டிசெல்வி கோதுமை கொடுக்கிறாள். நோய் உறுதியாகிறது. குடும்பமே கோதுமையைத் துறக்கிறது. கண்ணுச்சாமி சப்பாத்திக் கட்டையைக் கிணற்றில் வீசி எறிகிறார், அது ஆழத்தில் மூழ்கி

[மரக்கட்டை மூழ்காது. இந்த முடிவும் அதைப் போலத்தான், மிதந்துகொண்டே இருக்கும்.]

முடிவு இரண்டு. கொடுக்காமல் விடுகிறாள். ஆவுடை நன்றாக வளர்கிறாள். பதினைந்து வயதில் சிநேகிதிகளோடு பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா சத்தம் போடுகிறாள். மகள் சொல்கிறாள்: "எனக்குத்தான் ஒண்ணுமில்லைன்னு அன்னைக்கே டெஸ்ட்ல வந்திருச்சேம்மா. தாத்தா கிறுக்குத்தனத்த இன்னும் எம்புட்டு நாளைக்குப் பிடிச்சுத் தொங்குவ?" இதை எழுதியதும் எனக்கே பயம் வந்தது, நிறுத்திவிட்டேன்.

முடிவு மூன்று. கோதுமை கொடுக்கிறாள், பிள்ளை துடிக்கிறது, ரத்தம் எடுக்கிறார்கள், மறுபடியும் ஒன்றுமில்லை என்று வருகிறது. இப்படியும் நடக்கும். ஆசிரியர் இதைப் போட மாட்டார். பிள்ளையைத் துடிக்கவிட்டு ஒன்றுமே இல்லை என்று முடிக்கிற கதையை யார் படிப்பார் என்பார். துடிக்கவிட்டு நோய் இருக்கிறது என்று முடித்தால் மட்டும் எல்லோருக்கும் நிம்மதி போலிருக்கிறது.

பரிசோதனை நிலையத்தில் அந்தத் தாய் அழுதாளே, அவள் இதில் எந்த முடிவுக்குப் போகிற வழியில் அங்கே நின்றாள்? ஊசி குத்திக்கொள்ளாமல் ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது என் சர்க்கரைதான் பெரிதாக இருந்தது.

10

கடைசிக் காட்சி இது. இதற்கு மேல் என்னிடம் இல்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. பாண்டிசெல்வி அடுப்படிக்குள் போய், "கட்டையக் குடுங்க மாமா" என்கிறாள். கண்ணுச்சாமி அவள் முகத்தைப் பார்க்கிறார். எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்கிறார். கிளப்பவில்லை. கண் கலங்கியிருக்கிறது. அவர் அழுவதைத் தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறார். நின்றுகொண்டிருக்கிற வண்டியில் ஹெல்மெட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான் தெருவே பார்க்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பாண்டிசெல்வி ஒரே ஒரு சப்பாத்தி போடுகிறாள். கோதுமை. அது நன்றாக உப்புகிறது. பாலில் ஊறவைக்கிறாள். மகளை மடியில் உட்கார வைக்கிறாள்.

"இது தாத்தா சப்பாத்தி இல்ல" என்கிறாள் ஆவுடை. "மஞ்சள் எங்கம்மா?"

"இன்னைக்கு மஞ்சள் இல்ல."

"வயிறு வலிக்குமாம்மா?"

பாண்டிசெல்வி ஒரு துண்டைக் கையில் எடுத்திருக்கிறாள். அன்றெல்லாம் விஷம் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊட்டினாள், அது விஷமாக இருக்கவில்லை. இன்று முகத்தைத் திருப்பவில்லை. மகளையே பார்க்கிறாள். வலிக்கும் என்று சொன்னால் பிள்ளை சாப்பிடாது. வலிக்காது என்று சொன்னால் அவளும் மாமனாரைப் போல ஒரு பொய்யைச் சேர்த்து ஊட்டுகிறாள். "வலிச்சா அம்மாகிட்டச் சொல்லு. அம்மா இங்கனதான் இருப்பேன்" என்கிறாள்.

அவள் அந்தத் துண்டை மகளின் [வாயருகே கொண்டுபோனாள்] [தட்டிலேயே திரும்பப் போட்டாள்]

இரண்டில் ஒன்றை அடித்துவிட வேண்டும். ஒரு மாதமாக இந்த வரியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஊட்டு என்று எழுதினால் நாளைக்கு அந்தப் பிள்ளை சுருண்டு கிடப்பதையும் நான்தான் எழுத வேண்டும். வேண்டாம் என்று எழுதினால் அந்தப் பரோட்டாக் கடையை எழுத வேண்டும். இரண்டுக்கும் எனக்குத் தெம்பில்லை. எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, இரவில் சப்பாத்திதான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், தட்டில் வந்து ஆறிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் இவ்வளவு தூரம் சாய்ந்து உட்கார்ந்து படித்துக்கொண்டு வந்தீர்கள். டாக்டர் சரி, தாத்தா தப்பு, லீவுக்குக் காத்திருந்தது முட்டாள்தனம் என்று நடுநடுவே தீர்ப்பும் சொல்லியிருப்பீர்கள். இப்போது அந்தத் துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். பாலில் ஊறியது, சீக்கிரம் பிய்ந்து விழுந்துவிடும்.

ஆவுடை வாயைத் திறந்துவிட்டாள். அம்மா கை எதைக் கொண்டுவந்தாலும் அவள் திறப்பாள்.